உத்தரத்து வளையம்

ஹேஸல்கோட் கிராமம், இங்கிலாந்து
3.11.2024

சம்பந்தியம்மாள் குணவதி அவர்களுக்கு,

வேதவல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பந்திக்கு டயாலிசிஸ் எப்படிப் போகிறது? விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கௌசிகாவிடம் போனில், "உது என்ன வீடு பிள்ளை, சவக்காலை மாதிரிக் கிடக்கு" என்று, வீட்டைக் கல்லறைத் தோட்டமாக்கிச் சொன்னீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அடுப்படியில்தான் நின்றேன். என் மகன் விவேக் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ராத்திரி ஷிஃப்ட் பார்த்து, வியர்வை சிந்தி வாங்கிய வீடு அம்மா இது. முந்நூறு வருஷத்து வீடு. உங்கள் பிளாக்டவுன் வீட்டைப் போல ஒற்றைச் செங்கல்லும் உள்ளே அட்டையும் வைத்து ஒட்டியது இல்லை. சுவரின் கனம் என் முழங்கை முழுசும் நீட்டினால்கூட அடங்காது. உள்ளே ஒரு கல் வரிசை, வெளியே ஒரு கல் வரிசை, நடுவே சில்லுக் கல்லும் சுண்ணாம்பும். கல்லின் நிறம் பாகு பதத்துக்கு வந்த வெல்லம். கூரையிலும் ஓடு கிடையாது, கல் பலகைதான். கீழ்வரிசையில் பெரிசாக வைத்து, மேலே போகப் போகச் சிறிசாக்கி, மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள்தான், ஆனால் நல்ல வேலைப்பாடு எது என்று கண்ணுக்குத் தெரியும்.

குறையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தாள் என்று பேச்சு வேண்டாம். நிலைப்படி தாழ்வு. விவேக் தினம் ஒரு தரம் நெற்றியில் வாங்கிக்கொள்கிறான். மாடிப்படி புகைபோக்கியைச் சுற்றிச் சுருண்டு போகிறது, கிணற்றுக்குள் இறங்குவது போல. அரசாங்கம் காப்பாற்றுகிற பழைய வீடு என்பதால் ஓர் ஆணி அடிக்கக்கூட கவுன்சிலைக் கேட்க வேண்டுமாம்.

ஆணி அடிக்க முடியாது என்றதும் பேத்தி தாரிணிக்குத் தூளி எங்கே கட்டுவது என்று தவித்துப்போனேன். மாடி அறை உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. என் கட்டைவிரல் தடிமன். அதற்கு நேர்கீழே தரைப் பலகையில் சதுரமாக ஒரு மூடி. அந்தக் காலத்தில் தானிய மூட்டையை மேலே இழுத்திருப்பார்கள் போல. என் பட்டுப் புடவையை அந்த வளையத்தில் கட்டித் தூளி போட்டேன். என்ன சொல்லட்டும்! உங்கள் வீட்டில் இருந்த முதல் மூன்று மாதமும் தெருவே எழும்புகிற மாதிரி அழுத பிள்ளை, இங்கே போட்டதும் கண்ணை மூடிவிடுகிறாள். மதியம் போட்டால் இருட்டுகிற வரைக்கும் சத்தமில்லை. இந்த வீடு குழந்தைக்கு ஒத்துக்கொண்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்காகக் காத்திராமல் வளைகாப்பு நடத்திய அன்றே உங்கள் நம்பரை அழித்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் பார்சலில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தூள் நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
வேதவல்லி


பிளாக்டவுன், சிட்னி
18.11.2024

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சவக்காலை என்று சொன்னது உண்மை. குளிரையும் இருட்டையும் பார்த்துச் சொன்னேன், மருமகனின் உழைப்பைச் சொல்லவில்லை. வளைகாப்பைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம். உங்கள் விமானம் பிந்தியது, எங்கள் நல்ல நேரம் பிந்தவில்லை.

இவருக்கு முன்போலத்தான். கிழமைக்கு மூன்று தரம் பரமட்டாப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதனால்தான் பேத்தியைப் பார்க்க என்னால் வர முடியவில்லை. இல்லாவிட்டால் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க மாட்டேன், நேரே வந்து உங்களோடு சண்டை பிடிப்பேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கோபிக்கக் கூடாது. நீங்கள் தூளி என்பதை நாங்கள் ஏணை என்போம். போன சனிக்கிழமை வீடியோவில் கௌசிகா மேலறையைக் காட்டினாள். நீங்கள் யன்னலடியில் துணி மடித்துக்கொண்டு நின்றீர்கள். போன் கௌசிகாவின் கையில். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். பின்னால் ஏணை ஆடிக்கொண்டு இருந்தது. ஆட்டி விட்டு வந்தால் மெல்ல மெல்ல அடங்கத்தானே வேண்டும்? நாங்கள் கதைத்து முடியும் வரைக்கும் அது ஒரே வீச்சில் ஆடியது.

"பிள்ளை, ஆர் ஆட்டுறது?" என்று கேட்டேன். "காத்து அம்மா" என்றாள். யன்னல் பூட்டித்தான் இருந்தது, நான் பார்த்தேன்.

பிறகு தாரிணியைத் தூக்கிக் காட்டினாள். "அம்மம்மாவைப் பாருங்கோ" என்று எவ்வளவு கூப்பிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. உத்தரத்தையே பார்த்தாள். எட்டு மாதப் பிள்ளை இப்படிச் சத்தம் போடாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே தெருவே எழும்ப அழுதாள்தான். அழுகிற பிள்ளைக்குப் பசிக்கிறது என்றாவது தெரியும்.

இப்படிக்கு,
குணவதி


ஹேஸல்கோட்
2.12.2024

சம்பந்தியம்மாளுக்கு,

காற்றாம், ஆடியதாம். போன் ஆடியிருக்கும். இந்தச் சுவருக்குள் காற்று வர அது கல்லைத் தின்றுகொண்டுதான் வர வேண்டும். எட்டிப் பார்க்க இருக்கும் ஜன்னலே இரண்டுதான். மூன்றாவதை முன்னொரு காலத்தில், ஜன்னலுக்கு வரி கட்டப் பயந்து, கல் வைத்து மூடிவிட்டார்களாம். மூடிய இடம் சுவரில் கண் மூடியது போலத் தெரிகிறது.

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கேக் கொண்டுவந்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டினேன், பெருமையாகத்தான். மாடி ஏறியவள் தூளியைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள். "என்னடி சொல்றா?" என்று கௌசிகாவைக் கேட்டேன். "அதை அங்கேயிருந்து எடுத்திடுங்கோ எண்டு சொல்லுறா மாமி. பழைய மரம், பாரம் தாங்காதெண்டு நினைக்கிறா போல" என்றாள். கிழவி கீழே இறங்கி, ஊற்றின டீயில் வாய் வைக்காமல் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்தேன். அப்படித்தான் உங்களுக்கு எழுதவும் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று. இந்த வீட்டுக்கு வருமுன், விவேக் வேலை பார்த்த மெல்போர்னில் இருந்தவரை நான் தாலாட்டை நிறுத்தினால் தாரிணி கண்ணைத் திறந்து முறைப்பாள். இங்கே பாதியில் நிறுத்திப் பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை. பாட்டு இன்னும் அவள் காதில் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தலையை லேசாக அசைத்துக்கொண்டே தூங்குகிறாள்.

இன்னொன்று. தூளியிலிருந்து அவளைத் தூக்கும்போது கனக்கிறாள். இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. தூக்கி இடுப்பில் வைத்ததும் பஞ்சு. எடை பார்க்க வருகிற நர்ஸ், போன மாதத்தைவிட இளைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலை நான்தான் கொடுக்கிறேன், குறைவில்லாமல். குடிக்கிறாள். ஆனாலும் இளைக்கிறாள். தூங்கி எழுந்தால் கண்ணைக் கசக்குவதில்லை. நாம் யார் என்று யோசிப்பது போலப் பார்க்கிறாள்.

இதையெல்லாம் விவேக்கிடம் சொன்னால், "அம்மா, இதுக்குத்தான் உன்னை ஊருக்கே அனுப்பியிருக்கணும்" என்பான். கௌசிகாவிடம் சொன்னால் உங்களிடம் போகும். அதனால் நானே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

வேதவல்லி


பிளாக்டவுன்
17.12.2024

அன்பான சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் விமானத்தில் வராமல் என் கால்களில் வந்தால் நல்லது என்று நினைக்கிறேன். நின்றுகொண்டு வாசிக்காதீர்கள், கதிரையில் இருங்கள்.

டயாலிசிஸுக்கு இவருக்குப் பக்கத்துக் கதிரையில் டெரன்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர் வருவார். நல்ல மனுஷன், வாய் ஓயாது. மகள் கல் வீடு வாங்கியிருக்கிறாள் என்று அந்த வீட்டின் படத்தைக் காட்டினேன். "நான் பிறந்ததும் இப்படி ஒரு வீட்டில்தான்" என்று சந்தோஷப்பட்டார். கூரைக் கல்லைப் பற்றிச் சொன்னார், சுவருக்குள் ரொட்டி சுடும் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு மேலறைப் படம் வந்தது. ஏணையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வளையம் தானிய மூட்டைக்கு இல்லை, அம்மா. அந்த வீடுகளில் படி சுருண்டு போகும் என்று நீங்களே எழுதினீர்களே. மேலறையில் ஆள் செத்தால் பெட்டியை அந்தப் படியால் இறக்க முடியாது. அதற்காகத்தான் தரையில் சதுர மூடி. மூடியைத் திறந்து, உத்தரத்து வளையத்தில் கயிற்றைக் கோத்து, பெட்டியைக் கீழே இறக்குவார்கள். டெரன்ஸின் தாத்தாவை அப்படி இறக்கியதை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அவருடைய தாய் அந்த வளையத்தில் ஒரு சட்டையைக்கூடக் கொழுவ விடமாட்டாவாம். "அதில் எதைத் தொங்கவிட்டாலும், அது எப்போது கீழே இறங்கும் என்று வீடு பார்த்துக்கொண்டு இருக்கும்" என்று சொல்லுவாவாம். சொல்லிவிட்டு டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

உடனே கௌசிகாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, ப்ளீஸ்! அது ஒரு ஹுக். அவ்வளவுதான். ஊர்ப் பேய்க்கதை எல்லாம் இங்க கொண்டு வராதேங்கோ" என்றாள். மருமகன் பின்னால் நின்று சிரித்தது கேட்டது.

படித்த பிள்ளைகள், அவர்களோடு வாதாட எனக்குத் தெரியாது. எனக்கு இந்த உலகத்தில் இதை விளங்கிக்கொள்ள மிச்சம் இருப்பது நீங்கள் ஒராள்தான். ஏணையை அவிழ்த்து விடுங்கள். வளைகாப்புக்குக் காத்திராதது என் பிழை என்று எழுதித் தருகிறேன், கையெழுத்தும் வைக்கிறேன். பிள்ளையை அந்த வளையத்திலிருந்து இறக்குங்கள். தூக்கி இறக்குங்கள், உங்கள் கையால்.

குணவதி


ஹேஸல்கோட்
6.1.2025

குணவதியம்மா,

கதிரையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

பிணம் இறக்குகிற வளையத்தில் என் பேத்தியைத் தொங்கவிட்டிருக்கிறேன். என் பட்டுப் புடவையில்! ஊரில் பாடைக் கயிறு கிடந்த பக்கம் பிள்ளைகளை நடக்கவே விட்டதில்லை நான். அன்று மதியமே தூளியை அவிழ்த்தேன். முடிச்சு என்னுடையதுதான், ஆனால் அவிழ மறுத்தது. யாரோ மேலும் மேலும் இறுக்கிவிட்டது போல. கத்தரிக்கோலால் வெட்டினேன். தாரிணி அன்று அழுதாள் பாருங்கள், கல்லெல்லாம் கரைந்துவிடும் போல. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. இப்போது கட்டிலில், கீழே ஹாலில், என் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறேன். எடை ஏறத் தொடங்கியிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக எழுதியிருப்பேன். முடியவில்லை.

அந்தச் சதுர மூடி விரல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஏறி நின்று மிதித்தால் படிகிறது. துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி தூக்கியிருக்கிறது. விவேக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஈரத்துக்குப் பலகை உப்பும்மா. பழைய வீடுன்னா அப்படித்தான்" என்றான். மரப்பெட்டியை இழுத்து அதன் மேல் வைத்தேன். காலையில் பெட்டி தள்ளி நிற்கிறது.

தாரிணி தவழத் தொடங்கிவிட்டாள். ஹாலில் எங்கே விட்டாலும் நேராக அந்த மூடிக்குக் கீழே வந்து, மல்லாந்து படுத்து, மேலே பார்த்துக் கையை நீட்டுகிறாள். யாராவது தூக்கிக்கொள்ளக் குனிந்தால் நீட்டுவாளே, அப்படி.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நேற்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்:

"கௌசிகா, உங்க அம்மா கடுதாசி போட்டிருக்காங்க. அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். உன்கிட்ட சொல்லாம மறைக்கிறாங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு உடனே கிளம்பு."

"மாமி! எனக்கேன் அவ சொல்லேல்லை?"

"சொன்னா நீ பதறுவேன்னுதான்."

விவேக் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயும் அவங்களும் எப்பம்மா கடுதாசி போடுற அளவுக்கு ஆனீங்க?" என்றான். நான் அவன் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.

சுமங்கலியின் புருஷனைப் பற்றி வாயால் அப்படிச் சொல்லலாமா? சொல்லிவிட்டேன். உங்கள் தாலிக்கு ஒன்றும் வராது. மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். கௌசிகா போன் செய்வாள், நீங்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் அவள் போனை முந்திவிட வேண்டும் என்று வேகத் தபாலில் அனுப்புகிறேன். முந்தாவிட்டால், அவள் கேட்கிற கேள்வியை வைத்து நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

வேதவல்லி


பிளாக்டவுன்
13.1.2025

அன்பான சம்பந்திக்கு,

கடிதம் முந்தவில்லை. கௌசிகா அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். "அப்பாவுக்குக் கடுமையாமே, உண்மையோ?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் "மாமி சொன்னவ" என்றதும் விளங்கிவிட்டது. "ஓம் பிள்ளை, உடனே வா" என்றேன்.

இவரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாகக் கிடக்கிறன் எண்டு சொல்லு. ரெண்டு தரம் செத்திட்டன் எண்டாலும் பரவாயில்லை, பேத்தி வந்து சேரட்டும்" என்றார். மாவிளக்குப் பற்றிச் சொன்னபோது, அதில் தனக்கும் ஒரு துண்டு வேண்டுமாம்.

மூன்று டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் வர வேண்டும். எங்கள் வீடு ஒற்றைச் செங்கல்தான், ஆனால் உங்களுக்குத் தனி அறை இருக்கிறது.

குணவதி


பிளாக்டவுன்
4.2.2025

அன்பான சம்பந்திக்கு,

தாரிணி வந்துவிட்டாள். இந்த வெயிலில் வேர்க்குரு போட்டு, சொறிந்து, கத்தி, என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, கஞ்சியைத் தாத்தாவின் சட்டையில் துப்பினாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. "அம்மம்மா" என்றால் என் முகத்தைப் பார்க்கிறாள்.

நீங்கள் எங்கே? விமான நிலையத்துக்கு வந்து, பெட்டியும் போட்ட பிறகு, திரும்பிப் போய்விட்டீர்கள் என்று கௌசிகா சொல்கிறாள். "மாமிக்கு விசர் போல அம்மா. வழியனுப்ப வந்த அவரைப் பார்த்தவ, திரும்பி அவரோட காரில ஏறிட்டா" என்றாள். அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஏன் வரவில்லை? மறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்கும் எனக்கும் இடையில் இனி என்ன வெட்கம்.

குணவதி


ஹேஸல்கோட்
20.2.2025

பிரியமான குணவதிக்கு,

குழந்தை கஞ்சியைத் துப்பினாள் என்ற வரியை எத்தனையோ தரம் படித்துவிட்டேன். அது போதும் எனக்கு.

விமான நிலையத்தில் விவேக் கையசைத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். தூளியிலிருந்து எழுந்தால் தாரிணி எப்படிப் பார்ப்பாளோ, அதே பார்வை. நாங்கள் யார் என்று யோசிக்கிற பார்வை. முதல்நாள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அவனைத் தேடி மாடிக்குப் போனேன். பட்டப்பகலில், மரப்பெட்டியைத் தள்ளிவிட்டு, அந்தச் சதுரப் பலகையின் மேல் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால், "லேசா கண்ணசந்துட்டேம்மா" என்றான். சின்ன வயதில்கூடப் பகலில் தூங்காத பிள்ளை அம்மா அவன். உங்கள் பேத்தியை அனுப்பிவிட்டு என் பிள்ளையை அதனிடம் விட்டுவிட்டு வர என்னால் முடியுமா? வீட்டை வித்துவிடு என்று கேட்டேன். காலில் விழாத குறை. "லோன் இருக்கும்மா, இந்தப் பேச்சை விடு" என்றான்.

காத்துக்கொண்டிருக்கிற அந்த வீட்டுக்கு வேறு ஒன்றைக் கொடுத்தால்தான் அது விவேக்கை விடும் என்று தோன்றியது. நம் பக்கத்தில் பிள்ளையை முதன்முதலாகத் தொட்டிலில் போடும் அன்று, முதலில் அம்மிக் குழவியைத்தானே குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் படுக்கவைப்போம். பிள்ளைக்கு வருகிறது கல்லுக்குப் போகட்டும் என்று. உங்கள் பக்கம் அந்த வழக்கம் உண்டோ தெரியாது.

இங்கே குழவிக்கு எங்கே போவது? தோட்டத்துச் சுவரிலிருந்து பனியில் பெயர்ந்த கல் ஒன்று கிடந்தது. இந்த வீட்டுக் கல்தான், அதே வெல்ல நிறம். வெந்நீரில் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கன்னம் மாதிரி இருந்த பக்கத்தில் மை வைத்தேன். தாரிணி விட்டுப்போன சட்டை ஒன்றைப் போட்டேன், தொளதொளவென்று கிடந்தது. வளையத்தில் தூளி கட்டி அதைப் படுக்கவைத்து, பெயர் ஒன்று சொல்லி, மூன்று தரம் ஆட்டினேன். என்ன பெயர் என்று எழுத மாட்டேன்.

மூடி படிந்துவிட்டது. அன்றிலிருந்து தூக்கவில்லை. விவேக் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறான், நிலைப்படியில் இடித்துக்கொண்டு திட்டுகிறான், பகலில் தூங்குவதில்லை. தூளியைப் பார்த்து, "என்னம்மா இது?" என்றான். "குழந்தை இல்லாம கை பரபரங்குதுடா" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

நான் தினமும் மதியம் சோற்றுக்கு அப்புறம் உட்கார்ந்து ஆட்டுகிறேன். பாடுகிறேன். பாட்டை நிறுத்தினால் தூளிக்குள் லேசாக ஓர் அசைவு. மறுபடி எடுத்தால் அடங்குகிறது. எனக்குப் பயம் போய்விட்டது. ஆனால் நான் இங்கிருந்து நகர முடியாது, புரிந்துகொள்ளுங்கள். யாராவது ஆட்ட வேண்டும். கௌசிகா வீட்டுக்கு வருகிறேன் என்றால் ஏதாவது சொல்லி நிறுத்திவையுங்கள். சம்பந்தியை இன்னும் கொஞ்சம் நோயாளியாக வைத்திருங்கள், நான் இன்னொரு மாவிளக்கு போடுகிறேன்.

ஓர் உதவி. போன வாரம் அதைக் குளிப்பாட்டி முடித்துச் சட்டையை மாட்டினேன். கை நுழையும் இடத்தில் இழுத்துப் பிடிக்கிறது, பொத்தான் சேரவில்லை. நேற்றுத் தையல் விட்டுவிட்டது. தாரிணிக்குச் சட்டை வாங்கும்போது கூடவே ஒன்று வாங்கி அனுப்புங்கள். அளவு தனியாகப் பார்க்க வேண்டாம். அவளுக்கு எடுக்கிற அளவே சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
வேதவல்லி